கோடு எந்தப் பக்கம் ஓடுகிறது?

1837இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் மைக்கேல் ஃபாரடே இரண்டு பித்தளைக் கருவிகளை வைத்துக்கொண்டு ஒரு கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருந்தார். மின்னூட்டம் பெற்ற இரண்டு உலோகங்களுக்கு நடுவே என்ன பொருள் இருக்கிறது என்பதற்கு ஏதாவது முக்கியத்துவம் உண்டா? இல்லை, அது வெறும் இடைவெளிதானா? கருவிகள் இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி. வெளியே ஒரு கோளம், அதன் மையத்தில் எதையும் தொடாமல் நிற்கும் ஓர் உருண்டை. உருண்டையின் விட்டம் 2.33 அங்குலம், வெளிக்கோளத்தின் உள்விட்டம் 3.57 அங்குலம். இரண்டுக்கும் நடுவே சுற்றிலும் 0.62 அங்குல இடைவெளி.

இந்த அளவுகளை இன்றைய சூத்திரத்தில் போட்டால், உள்ளே காற்று மட்டும் இருக்கும்போது மின்தேக்குத்திறன் ஏறக்குறைய 9.5 பிக்கோஃபாரட் வருகிறது. ஒரு பிக்கோஃபாரட் என்பது ஒரு ஃபாரடில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. தன் பெயரில் பின்னால் எவ்வளவு பெரிய அலகை வைக்கப்போகிறார்கள் என்று ஃபாரடேக்குத் தெரிய வாய்ப்பில்லை.

ஒரு கருவியின் இடைவெளியில் அவர் அரக்கை வைத்தார். முழுவதும் நிரப்பவில்லை. கீழ்ப்பாதியில் மட்டும், உருண்டையைத் தாங்கும் கிண்ணம்போல அரைக்கோள வடிவில் வார்த்து வைத்தார். மேல்பாதியில் பழையபடி காற்று. (அரக்கு நமக்குப் புதிய பொருளல்ல, ஐரோப்பியச் சந்தைக்கு அது பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் போனது.) ஆக, மின்காப்புப் பொருள்களின் குணத்தை அளந்து உலகுக்குச் சொன்ன அந்தப் புகழ்பெற்ற சோதனையே இரண்டு மின்காப்புகள் கொண்ட ஒரு மின்தேக்கியில்தான் நடந்தது. ஆங்கிலேய விஞ்ஞானி ஹென்றி கேவண்டிஷ் 1770களிலேயே இதே விஷயத்தை அளந்து வைத்திருந்தார். ஆனால் கூச்ச சுபாவக்காரரான அந்த மனிதர் அதை வெளியிடவில்லை. அவருடைய குறிப்புகளை இயற்பியலாளர் மாக்ஸ்வெல் 1879இல் பதிப்பித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

ஃபாரடேயின் முறை எளிமையானது. ஒரு கருவிக்கு மின்னூட்டம் கொடுத்து, அதை மின்னூட்டமில்லாத மற்றதோடு ஒரு கணம் தொடவைப்பார். இரண்டும் ஒரே திறன் கொண்டவையானால் மின்னழுத்தம் சரிபாதியாகும்; 100 இருந்தது 50 ஆகும். அரக்குக் கருவியின் திறன் காற்றுக் கருவியைப்போல ஒன்றரை மடங்கு என்றால் 100 என்பது 40 ஆக விழ வேண்டும். ஏனென்றால் அதே மின்னூட்டத்தை இப்போது 1 + 1.5, அதாவது இரண்டரைப் பங்காகப் பிரித்துக்கொள்கின்றன. தலைகீழாக, அரக்குக் கருவிக்கு முதலில் 100 கொடுத்துக் காற்றுக் கருவியோடு தொடவைத்தால் 60 நிற்க வேண்டும். அளப்பதற்கு வைத்திருந்த முறுக்குத் தராசில் அவர் பார்த்த விகிதம் இந்த ஒன்றரையை ஒட்டியே வந்தது.

அப்படியானால் அரக்கின் மின்காப்பு மாறிலி, அதாவது இடைவெளி முழுவதையும் அது நிரப்பினால் திறன் காற்றைப்போல எத்தனை மடங்காகும் என்ற எண், 1.5 தானா? அங்கேதான் நிதானிக்க வேண்டும். அரக்கு பாதி இடத்தில்தான் இருந்தது. உருண்டையிலிருந்து கிளம்பும் மின்புலக் கோடுகள் நேராக வெளிக்கோளத்துக்கு ஓடுகின்றன. மேல்பக்கம் கிளம்பிய கோடு கடைசிவரை காற்றிலேயே போகிறது. கீழ்ப்பக்கம் கிளம்பியது கடைசிவரை அரக்கிலேயே போகிறது. எந்தக் கோடும் ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டவில்லை. ஆகவே இது பக்க இணைப்பில் உள்ள இரண்டு அரை மின்தேக்கிகள். காற்றுப் பாதியின் பங்கு 0.5. மொத்தம் 1.5 ஆக வேண்டுமானால் அரக்குப் பாதி 1 தர வேண்டும். பாதி இடம் 1 தருகிறது என்றால் முழு இடம் 2 தரும். அரக்கின் மாறிலி 2 என்று ஃபாரடே முடிவுக்கு வந்தது இந்தக் கணக்கில்தான்.

எத்தனை மின்காப்புகள் இருந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இரண்டு பொருள்கள் சந்திக்கும் எல்லை மின்புலக் கோட்டோடு கூடவே ஓடுகிறதா, இல்லை அதைக் குறுக்கே வெட்டுகிறதா? கூடவே ஓடினால் இரண்டு பொருளுக்கும் ஒரே மின்னழுத்தம். மின்னூட்டம் மட்டும் அதனதன் மாறிலிக்கு ஏற்பப் பிரியும். குறுக்கே வெட்டினால் கதை மாறுகிறது. அப்போது ஒவ்வொரு கோடும் இரண்டு பொருளையும் அடுத்தடுத்துக் கடந்தாக வேண்டும். மின்னூட்டம் இரண்டுக்கும் பொது. மின்னழுத்தம்தான் பங்கு போடப்படுகிறது. அது தொடரிணைப்பு.

தொடரிணைப்புக்குப் பாடப்புத்தகங்கள் தலைகீழ்ப் பின்னங்களைக் கூட்டச் சொல்கின்றன. கணக்கு சரிதான், ஆனால் அதில் கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை. எனக்குப் பிடித்த வழி வேறு. ஒவ்வொரு அடுக்கின் தடிமனையும் அதன் மாறிலியால் வகுத்துவிடுங்கள். வருவது அந்த அடுக்குக்குச் சமமான காற்றின் தடிமன். 6 மில்லிமீட்டர் கண்ணாடியின் மாறிலி 6 என்றால், மின்புலத்தின் கணக்கில் அது 1 மில்லிமீட்டர் காற்று. எல்லா அடுக்குகளின் காற்றுச் சமானத்தையும் கூட்டினால் ஒரே ஒரு காற்று மின்தேக்கி கையில் கிடைக்கும். அதற்கு மேல் ஒரு சிறு சூத்திரம் போதும்: சதுர மீட்டரில் பரப்பை 8.85ஆல் பெருக்கி, மில்லிமீட்டரில் காற்றுச் சமானத் தடிமனால் வகுத்தால் விடை நானோஃபாரடில் வந்துவிடும்.

வீட்டு மின்விசிறியில் இருக்கும் கண்டன்சரை எடுத்துக்கொள்வோம். மேலே 2.5 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருக்கும். உள்ளே இருப்பது உலோகம் பூசிய பாலிபுரோப்பிலீன் ஃபிலிம் சுருள். ஃபிலிமின் தடிமன் 6 மைக்ரான், மாறிலி 2.2 என்று வைத்துக்கொண்டால் காற்றுச் சமானம் 2.73 மைக்ரான். 2.5 மைக்ரோஃபாரடுக்கு முக்கால் சதுர மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான பரப்பு வேண்டும். கைக்குள் அடங்கும் டப்பாவில் அவ்வளவு பரப்பும் சுருண்டு கிடக்கிறது.

இப்போது உலோகம் ஃபிலிமின் மேல் பூசப்படாமல் தனித் தாளாக வைக்கப்பட்டிருக்கிறது, நடுவில் ஒரே ஒரு மைக்ரான் காற்று புகுந்துவிட்டது என்று கற்பனை செய்யுங்கள். தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்குகூட அது தேறாது. ஆனால் 2.73 என்பது 3.73 ஆகிவிட்டது. 2.5 மைக்ரோஃபாரட் 1.83க்கு இறங்கிவிடும். மாறிலி உயர உயர இந்தத் தொல்லையும் கூடும். 30 மைக்ரான் மைக்காவின் மாறிலி 6 என்றால் அதன் காற்றுச் சமானம் வெறும் 5 மைக்ரான். இரு முகத்திலும் ஒரு மைக்ரான் காற்று இருந்தால் 7. திறனில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. மைக்காவின் மேல் வெள்ளியை நேரடியாகவே பூசிவிடும் வழக்கம் வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். நல்ல மின்காப்பு எவ்வளவு நல்லது என்பதை அதன் பக்கத்தில் இருக்கும் மோசமான மின்காப்புதான் தீர்மானிக்கிறது.

கைபேசித் திரையிலும் இதே கணக்குதான். விரலுக்கும் உள்ளே இருக்கும் உணர்கோடுகளுக்கும் நடுவே 0.7 மில்லிமீட்டர் கண்ணாடி, மாறிலி 7 என்று கொள்வோம். காற்றுச் சமானம் 0.1 மில்லிமீட்டர். அதன்மேல் 0.3 மில்லிமீட்டர் டெம்பர்ட் கிளாஸ் ஒட்டினால் 0.04தான் கூடுகிறது, திரை பெரிதாகக் கவலைப்படாது. ஒட்டும்போது தூசி மாட்டி, 0.1 மில்லிமீட்டர் காற்று நின்றுவிட்டால் மொத்தம் 0.24. ஒட்டிய கண்ணாடியைவிட ஒட்டாத மூலைதான் பெரிய தடை. குளிருக்குக் கம்பளிக் கையுறை போட்டவர் தொட்டால் திரை ஏன் சும்மா இருக்கிறது என்பதும் இதில் அடங்கிவிடும்: கம்பளியில் பாதிக்கு மேல் காற்று.

பக்க இணைப்புக்கு இதுபோல நாடகம் கிடையாது. அங்கே பங்குகள் நேராகக் கூடுகின்றன. ஆனால் அந்த நேர்மையே பயன்படுகிறது. விமான எரிபொருள் தொட்டிகளில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய்களைச் செங்குத்தாக நிறுத்துகிறார்கள். நடுவில் எரிபொருள் ஏறிய உயரம்வரை மாறிலி சுமார் 2.1, அதற்கு மேல் காற்று. காலியாக 50 பிக்கோஃபாரட் காட்டும் குழாய், நிரம்பினால் 105 காட்டும், பாதியில் 77.5. அசையும் பாகம் எதுவும் இல்லாமல் மட்டம் தெரிந்துவிடுகிறது. தொட்டியின் அடியில் தண்ணீர் தேங்கினால் மட்டும் அளவு தாறுமாறாகும். தண்ணீரின் மாறிலி 80 வாக்கில். போதாததற்கு அது மின்சாரத்தையும் கொஞ்சம் கடத்தும்.

தொடரிணைப்புக்குத் திரும்புவோம். அங்கே மின்தேக்குத்திறனைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. 10 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு தட்டுகள், நடுவில் காற்று, 25 கிலோவோல்ட். மில்லிமீட்டருக்கு 2.5 கிலோவோல்ட். காற்று இந்த அளவு இடைவெளியில் மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 3 கிலோவோல்ட்வரை தாங்கும், பிரச்சினையில்லை. இன்னும் பாதுகாப்பாக இருக்கட்டுமே என்று யாரோ 6 மில்லிமீட்டர் கண்ணாடிப் பலகை ஒன்றை உள்ளே செருகுகிறார். கண்ணாடி காற்றைவிடப் பல மடங்கு தாங்கும் பொருள். என்ன ஆகும்?

காற்றுச் சமானத்தைக் கூட்டுங்கள். மீதமுள்ள காற்று 4, கண்ணாடி 1, மொத்தம் 5. மின்தேக்குத்திறன் இரண்டு மடங்காகிவிட்டது, நல்லது. ஆனால் 25 கிலோவோல்ட்டை இப்போது 5 பங்காகத்தான் போட முடியும். 4 மில்லிமீட்டர் காற்றின் தலையில் 20 கிலோவோல்ட், 6 மில்லிமீட்டர் கண்ணாடியின் பங்குக்கு வெறும் 5. காற்றில் மில்லிமீட்டருக்கு 5 கிலோவோல்ட் ஏறிவிட்டது. சும்மா இருந்த காற்று சடசடவென்று வெடிக்கத் தொடங்கும், ஊதா ஒளி தெரியும், ஓசோன் நெடி வரும். காப்புக்காகச் செருகிய கண்ணாடிதான் இதற்குக் காரணம்.

தாங்கும் சக்தி குறைந்த பொருளின் மேல்தான் அதிகச் சுமை விழுகிறது, அதுவும் அதன் மாறிலி குறைவு என்ற ஒரே காரணத்துக்காக. உயர் அழுத்தக் கேபிள் செய்கிறவர்கள் பிளாஸ்டிக்குக்குள் ஒரு நுண்குமிழிகூட இருக்கக் கூடாது என்று படாதபாடு படுவது இதனால்தான். பாலித்தீனின் மாறிலி 2.3. அதற்குள் தட்டையாக ஒரு காற்றுக் குமிழி மாட்டினால், சுற்றியுள்ள மின்புலத்தைப்போல 2.3 மடங்கு குமிழிக்குள் இருக்கும். ஒவ்வொரு அலையிலும் உள்ளே சிறு சிறு மின்பொறி. அன்றே கேபிள் செத்துவிடாது. குமிழியின் சுவரை அரித்து அரித்து மெல்ல வழி செய்துகொள்ளும். மின்மாற்றிகளிலும் அப்படியே. எண்ணெயின் மாறிலி சுமார் 2.2, எண்ணெயில் ஊறிய காப்பு அட்டையின் மாறிலி அதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. சுமை எண்ணெயின் பக்கம்தான் சாயும்.

இந்தத் தொல்லையையே தொழிலாக்கியவர் ஜெர்மானியப் பொறியாளர் வெர்னர் ஃபான் சீமன்ஸ். 1857இல் அவர் கண்ணாடியையும் காற்று இடைவெளியையும் வேண்டுமென்றே தொடரில் வைத்து ஓசோன் குழாய் செய்தார். காற்று மட்டும் உடையும், கண்ணாடி குறுக்கே நின்று பெரும் மின்பொறி பாயாமல் தடுக்கும். குடிநீரைச் சுத்திகரிக்க ஓசோன் தயாரிக்கும் கருவிகள் இன்றும் இந்த ஏற்பாட்டில்தான் ஓடுகின்றன.

ஒரு சின்ன எச்சரிக்கை. இந்தப் பங்கீடு மாறுமின்னழுத்தத்துக்கும், நேர்மின்னழுத்தம் கொடுத்த முதல் கணங்களுக்கும் பொருந்தும். நேர்மின்னழுத்தத்தை நெடுநேரம் விட்டுவைத்தால் ஒவ்வொரு அடுக்கிலும் மின்சாரம் எவ்வளவு கசிகிறது என்பது பங்கீட்டை மாற்றி எழுதிவிடும்.

சிலிக்கான் சில்லு செய்கிறவர்களுக்கும் காற்றுச் சமானம்போல ஒரு கணக்கு உண்டு. அவர்கள் காற்றுக்குப் பதில் சிலிக்கான் டையாக்சைடை அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். அதன் மாறிலி 3.9. டிரான்சிஸ்டரின் கதவுக்கு (கேட்) அடியில் இருந்த அந்த ஆக்சைடு அடுக்கு 1.2 நானோமீட்டர்வரை மெலிந்துவிட்டது, அதாவது நாலைந்து அணுக்களின் தடிமன். அதற்கு மேல் மெலிந்தால் எலெக்ட்ரான்கள் ஊடுருவிக் கசியும். 2007இல் இன்டெல் தன் 45 நானோமீட்டர் சில்லுகளில் ஹாஃப்னியம் சார்ந்த ஆக்சைடுக்கு மாறியது. அதன் மாறிலி 20 என்று கொண்டால் 3 நானோமீட்டர் தடிமனும் 0.59 நானோமீட்டர் பழைய ஆக்சைடுக்குத்தான் சமம். தடித்த சுவர், ஆனால் மெல்லிய சுவரின் திறன். இதிலும் ஒரு வில்லங்கம். சிலிக்கானுக்கும் ஹாஃப்னியம் ஆக்சைடுக்கும் நடுவே அரை நானோமீட்டர் பழைய ஆக்சைடு இருந்தால் மொத்தம் 1.09 ஆகிவிடும். அரை நானோமீட்டர், 3 நானோமீட்டருக்குக் கிட்டத்தட்டச் சமமாக நிற்கிறது.

இதுவரை எல்லையானது கோட்டோடு ஓடியது அல்லது அதை நேராக வெட்டியது. இரண்டும் சேர்ந்து வந்தால்? போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்குப் பழக்கமான ஒரு கணக்கு இது. தட்டுகளுக்கு நடுவே மேல்பாதி முழுவதும் மாறிலி 4 கொண்ட பொருள். கீழ்ப்பாதியில் இடப்பக்கம் 2, வலப்பக்கம் 6. வழிகாட்டி நூல்களில் இதற்கு இரண்டுவித விடைகள் புழங்குகின்றன.

ஒருவர் செங்குத்தாக இரண்டு பத்திகளாகப் பிரிப்பார். இடப்பத்தியில் 4ம் 2ம் தொடரில், வலப்பத்தியில் 4ம் 6ம் தொடரில். பிறகு இரண்டையும் பக்க இணைப்பில் கூட்டினால், காற்று மின்தேக்கியைப்போல 3.73 மடங்கு. இன்னொருவர் கிடையாக அடுக்குகளாகப் பிரிப்பார். கீழே 2ம் 6ம் பக்க இணைப்பில், அதோடு மேலுள்ள 4 தொடரில். விடை சரியாக 4 மடங்கு. ஒரே மின்தேக்கிக்கு இரண்டு விடை இருக்க முடியாது.

தகராறு நடுக்கோட்டில் இருக்கிறது. 10 வோல்ட் கொடுத்துப் பார்ப்போம். பத்திக் கணக்குப்படி, இடப்பக்கம் நடுக்கோடு கீழ்த்தட்டைவிட 6.67 வோல்ட் மேலே நிற்கும். வலப்பக்கம் 4 வோல்ட்தான். அடுக்குக் கணக்கோ நடுக்கோடு முழுவதும் ஒரே 5 வோல்ட் என்று வாய் திறக்காமல் எடுத்துக்கொள்கிறது. அங்கே ஓர் உலோகத் தாள் இருந்தால் அது உண்மை. தாளில் மின்னூட்டம் இடமிருந்து வலமாக ஓடிச் சமன் செய்துவிடும். தாள் இல்லாதபோது சமன் செய்ய யாரும் இல்லை. பத்திக் கணக்கும் முழு உண்மையல்ல. பத்திகள் சேரும் கோட்டில் ஒருபக்கம் 6.67, மறுபக்கம் 4 என்று திடீரென்று தாவ முடியாது. மின்புலக் கோடுகள் அங்கே பக்கவாட்டில் வளைந்துதான் ஆக வேண்டும்.

இரண்டும் தவறு, ஆனால் பயனுள்ள தவறு. மாக்ஸ்வெல் 1873இல் வெளியிட்ட தன் பெரிய நூலில், பின்னாளில் ரேலே பிரபு என்று அறியப்பட்ட ஸ்ட்ரட்டின் ஒரு வழியை எடுத்துச் சொல்கிறார். கடத்திகளின் மின்தடைக்காகச் சொன்னது. மின்தேக்கிக்கும் கணிதம் அதுவே. உலோகத் தாளைச் செருகுவது மின்னூட்டத்துக்குக் கூடுதல் சுதந்திரம் தருவது. அது நகர்ந்து ஆற்றலைக் குறைக்கும். மின்னூட்டம் மாறாமல் ஆற்றல் குறைந்தால் மின்தேக்குத்திறன் கூடியிருக்கிறது என்று பொருள். ஆகவே அடுக்குவிடை எப்போதும் உண்மையைவிடக் குறையாது. பத்திகளுக்கு நடுவே கோடுகள் தாண்ட முடியாத கற்பனைச் சுவர் எழுப்புவது இருக்கும் சுதந்திரத்தைப் பறிப்பது. அதனால் பத்திவிடை உண்மையைவிடக் கூடாது. நம் மின்தேக்கியின் உண்மை மதிப்பு 3.73க்கும் 4க்கும் நடுவே எங்கோ இருக்கிறது.

எங்கே என்பதை வடிவம் சொல்லும். தட்டு 100 மில்லிமீட்டர் அகலம், இடைவெளி 1 மில்லிமீட்டர் என்றால் கோடுகள் வளைவது நடுவில் ஓரிரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். மற்ற இடமெல்லாம் பத்திக் கணக்கு பிசகாது. நடைமுறை மின்தேக்கிகள் எல்லாம் இப்படி மெல்லியவைதான் என்பதால், தேர்வில் வந்தால் 3.73 என்று எழுதுவதே நியாயம். உலோகத் தாள் உண்டு என்று கேள்வியில் சொல்லியிருந்தால் மட்டும் 4.

கடைசியாக ஒன்று, சுவைக்காக. சதுர வெட்டுமுகம், மேலும் கீழும் தட்டுகள், அகலமும் இடைவெளியும் சமம். ஓரங்களில் கோடுகள் வெளியே பிதுங்கவில்லை என்று கொள்வோம். மூலைவிட்டத்தில் வெட்டிய இரண்டு முக்கோணங்கள், ஒன்றின் மாறிலி 4, மற்றது 1. மெல்லிய பத்திகளாகச் சீவிக் கூட்டினால் 1.85. மெல்லிய அடுக்குகளாகச் சீவினால் 2.16. உண்மை நடுவில் எங்கே?

இருபரிமாணத்தில் ஒரு வசதி உண்டு. மின்புலக் கோடுகளையும் சம மின்னழுத்தக் கோடுகளையும் இடம் மாற்றினால் கிடைக்கும் படமும் இன்னொரு மின்தேக்கியின் சரியான படம்தான். அந்த மின்தேக்கியில் தட்டுகள் பக்கவாட்டுக்குப் போகும். 4 இருந்த இடத்தில் கால், 1 இருந்த இடத்தில் 1. அதன் மதிப்பையும் நம்முடையதையும் பெருக்கினால் 1 வரும். எல்லா மாறிலியையும் நாலால் பெருக்குங்கள்: கால் 1 ஆகிறது, 1 நாலாகிறது. திருப்பிப் பார்த்தால் அது நம்முடைய பழைய சதுரமேதான். எனவே நம் மதிப்பை அதனாலேயே பெருக்கினால் 4. விடை சரியாக 2. கலப்புப் பொருள்களுக்கு இந்த வகைத் தேற்றத்தை 1964இல் நிறுவியவர் அமெரிக்கக் கணிதவியலாளர் ஜோசஃப் கெல்லர்.

மாறிலிகளை 9, 1 என்று மாற்றி நீங்களே போட்டுப் பாருங்கள். பத்திவிடை 2.47, அடுக்குவிடை 3.64 வரும், சரியான விடை 3. சதுரம் செவ்வகமானால் இந்தச் சமச்சீர் போய்விடும். அப்போது கணினியிடம்தான் கேட்க வேண்டும். அது தரும் எண் பத்திவிடைக்கும் அடுக்குவிடைக்கும் வெளியே விழுந்தால், பிழை கணினிக்குக் கொடுத்த கணக்கில்தான் இருக்கும்.